இரண்டு, மூன்று

இருபத்தோரு ஆண்டாக பாலேவுக்கு வாசிக்கிறேன்.
ஒரு பாலேகூடப் பார்த்ததில்லை.

டர்பன் அரங்கில் என் நாற்காலி பள்ளத்தில்,
மேடையின் உதட்டுக்குக் கீழே.
நிமிர்ந்தால் பலகை.
பட்டுச் செருப்பு என்கிறீர்களே,
அதன் நுனி கட்டை. பதினாறு பெண்கள் ஓடி வந்தால்
சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தகரக் கூரைமேல்
குரங்குக் கூட்டம் இறங்கியதுபோல் இருக்கும்.
நீங்கள் அன்னம் என்பீர்கள்.

இன்றைய கையேட்டில் மூலக்கதை எல்லாம் போட்டிருந்தது.
நடன ஆசிரியர் அந்தக் காலத்தில்
இசையமைப்பாளருக்குச் சீட்டு எழுதி அனுப்புவாராம்,
தையற்காரரிடம் அளவு கொடுப்பதுபோல.
பதினாறு அளவு மகிழ்ச்சி. எட்டு அளவு திகில்.
அவள் படியிறங்க ஆறு, கையில் பூ இருந்தால் ஏழு.
வால்ட்ஸ், மலைக்கிராமத்துக் குடியானவர்
இடுப்பைப் பிடித்துச் சுழன்றது.
மசூர்க்கா, போலந்துக்காரர் குதிகாலைத் தட்டியது.
தாரந்தெல்லா, சிலந்தி கடித்தவள்
விஷம் இறங்க ஆடியது.
இதைப் படித்துவிட்டு எங்கள் டபுள் பாஸ் தெம்பின்கோசி
கணுக்காலைச் சொறிந்தார்:
"நமக்குக் கொசுதான். அதற்கு யாரும் இசை எழுதவில்லை."

வால்ட்ஸில் ஒன்று அவருடையது.
இரண்டும் மூன்றும் வயோலாவுக்கு.
அவர் கம்பத்தை நட்டுவிட்டு ஓய்வெடுப்பார்.
நாங்கள் நான்கு பேர்
தோரணம் கட்டிக்கொண்டே இருப்போம்.
பா-பா. பா-பா.
சேர்ந்த புதிதில் மனசுக்குள் தகிட, தகிட என்று எண்ணினேன்.
உதவவில்லை.
தகிட நாணயமானது, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே கூலி.
வால்ட்ஸின் இரண்டு மயிரிழை முந்தி வர வேண்டும்,
கதவு திறக்குமுன் உள்ளே நுழைகிறவள்போல்.
மூன்று, அவளுக்காக வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால்.
அந்தப் பொய்யைப் பழக எனக்கு ஆறு வருடம்.

எட்டு நாற்பதுக்கு மின்சாரம் போனது.
அட்டவணையில் இன்றைக்கு எங்கள் பகுதிதான்,
நகரம் இல்லை.
தாள்மேல் விளக்கும் போனது,
நடத்துநரின் வெள்ளைக் குச்சியும் போனது.
புல்லாங்குழல் பாதிச் சொல்லில் நின்றது. கொம்புகள் நின்றன.
தெம்பின்கோசி வில்லை எடுத்துவிட்டார்.
எங்கள் கைக்கு மட்டும் நிற்கத் தெரியவில்லை.

பா-பா.
பா-பா.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குழி.

பிறகு அந்தக் குழியில்
தொம்.

கெலெட்சோ ஆடிக்கொண்டிருந்தாள்.
தொம், பா-பா.
தொம், பா-பா.
மூச்சுகூட விடாமல் இருட்டில் எண்ணூறு பேர்.
அவள் இருக்கிற இடம் எனக்குத் தெரிந்தது:
இடது மூலை. நடு. மறுபடி நடு.
அப்புறம் என் தலைக்கு நேர் மேலே.
அதற்கப்பால் பலகை இல்லை.
நிறுத்துவதா? நிறுத்தினால் விளிம்பு எங்கே என்று
அவளுக்கு யார் சொல்வது?
நரம்பு அறுந்தாலும் சரியென்று
வில்லை அழுத்தினேன்.

ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி எழுந்தது.
ஒரு சாண் தள்ளி, விளிம்பில், ஒற்றை விரலில்
என்னைப் பார்த்தபடி நின்றாள்.
கண்மை கரைந்து வழிந்திருந்தது.
ஒரு சொட்டு வியர்வை
என் தாளில் விழுந்து நூற்றுநாற்பதாம் அளவை ஊதச் செய்தது.
தெம்பின்கோசி தன் ஒன்றைத்
திரும்ப எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெங்கும் இருட்டு.
ஹிக்கின்சன் சாலையிலிருந்து இறங்கும் சந்திப்பில்
ரோபோ செத்துக்கிடக்க,
நான்கு பக்கமும் நான்கு வண்டி.
யாருக்கு முதலில் என்று தெரியாமல்
எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க,
எதிரே ஒரு பேக்கரி வேன்
விளக்கை மினுக்கியது: நீங்கள் போங்கள்.

நானா?
பழக்கமில்லை.
கிளட்சை விட்டதும் வண்டி ஒருமுறை குலுங்கி
அங்கேயே நின்றுவிட்டது.